பெயருக்கு எவ்வளவு, துணிக்கு எவ்வளவு: விலை கூடிய டிசைனர் சேட் வாங்குவதற்கு முன் ஒரு முழு வழிகாட்டி

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்கு உள்ளே போவதற்கு முன் ஆண்கள் சேட்டைக் கழற்ற வேண்டும். கழற்றியதைச் சிலர் தோளில் போடுவார்கள், சிலர் இடுப்பில் கட்டுவார்கள், சிலர் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நிற்கும்போது முன்னால் நிற்பவரின் தோளில் கிடக்கும் சேட்டின் உட்பக்கம் என் மூக்குக்கு நேரே வரும். மூட்டுத் தையல் எப்படி, கொலருக்கு உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள், தெறியை எப்படித் தைத்திருக்கிறார்கள் என்று கண் தானாகப் போய்விடும். முருகன் மன்னிப்பார் என்று நினைக்கிறேன். 25 நாள் திருவிழாவில் ஒரு நாளாவது இப்படிப் பராக்குப் பார்க்காமல் நான் வீடு திரும்பியதில்லை.

அந்தப் பராக்கில் பிடிபட்டது ஒன்று உண்டு. வெளியே பார்த்தால் எது ஐம்பதாயிரம், எது ஐயாயிரம் என்று முன்பக்கச் சின்னம் சொல்லிவிடும். உட்பக்கம் பார்த்தால் பல தடவை அந்த வரிசை தலைகீழாக இருக்கும்.

ஓகஸ்ட் மாதம் லண்டனிலும் பாரிஸிலும் ரொரன்ரோவிலும் இருந்து சொந்தங்கள் வந்து இறங்குகிற காலம். பெட்டி திறந்ததும் பெயர் போன சேட் ஒன்று கைக்கு வரும். இல்லையென்றால், வேலை கிடைத்த தம்பி ஒருவர் முதல் சம்பளத்தில் ஒன்று வாங்கலாமா என்று கேட்பார். விலைக்கு அது தகுமா என்பதுதான் இரண்டிலும் கேள்வி. ஒரு எல்லை வரை தகும் என்பது என் பதில். ஆனால் அந்த எல்லை ஆட்கள் நினைப்பதைவிட மிகக் கீழே இருக்கிறது. அதை நீங்களே கடையில் நின்று கண்டுபிடிக்கும் வழியைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

படி 1: உங்கள் வாரத்தை எண்ணுங்கள்

சேட் எத்தனை நாள் உங்கள் உடம்பில் இருக்கும் என்பதை முதலில் பாருங்கள். வங்கியிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை செய்பவருக்கு வாரம் ஐந்து நாள். கடை வைத்திருப்பவருக்கு ஆறு. கலியாண வீடென்றால் வேட்டி சால்வை, மாப்பிள்ளைத் தோழன் என்றால் நாஷனல். டிசைனர் சேட்டுக்கு அங்கே இடம் குறைவு. கோயிலில் அது கழற்றப்படும். மீதி நேரம் மோட்டார் சைக்கிளில் வெயில், புழுதி, வியர்வை, கொலரில் உரசும் ஹெல்மெற் வார். இந்த வாழ்க்கைக்குத்தான் சேட் வாங்குகிறீர்கள். குளிரூட்டிய கடையின் கண்ணாடி முன் நிற்கும் ஐந்து நிமிடத்துக்கு வாங்காதீர்கள்.

படி 2: காசு எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெரிய ஆடம்பர நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் எல்லோரும் பார்க்கக்கூடியவை. லூயி வுயித்தோன், டியோர் முதலான பெயர்களை வைத்திருக்கும் எல்விஎம்எச் குழுமத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்கில், விற்ற ஒவ்வொரு 100 யூரோவிலும் விற்ற பொருளின் அடக்கச் செலவு ஏறத்தாழ 31 யூரோ. மது, வாசனைத் திரவியம், நகை எல்லாம் சேர்ந்த சராசரிதான் இது. சேட்டுக்கு மட்டும் உரிய கணக்கு அல்ல. ஆனாலும் ஒரு உருவம் கிடைக்கிறது. மீதி 69 யூரோவில் கடை வாடகை, விளம்பரம், சம்பளம் எல்லாம் போய், அதற்கு மேல்தான் இலாபம்.

இன்னும் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டுமா? 2024 ஜூனில் மிலான் நீதிமன்றம் ஒன்று டியோரின் இத்தாலியத் தயாரிப்பு நிறுவனத்தை நீதிமன்ற மேற்பார்வையின் கீழ் வைத்தது. கடையில் 2,600 யூரோவுக்கு விற்கும் கைப்பை ஒன்றைப் பொருத்தித் தைக்க ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த கூலி 53 யூரோ என்று அந்த ஆவணங்களில் வெளிவந்தது. தோலின் விலை அதில் சேரவில்லை. பை வேறு, சேட் வேறுதான். ஆனால் தையல் கூலிக்கும் கடை விலைக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கை நான் பார்த்ததில்லை.

பிரித்தானிய ஆடம்பர உடுப்பு நிறுவனமான பேர்பெரி 2017–18 நிதியாண்டில் விற்காமல் மிஞ்சிய 28.6 மில்லியன் பவுண் பெறுமதியான பொருட்களை அழித்தது. மலிவாக விற்றால் பெயர் கெட்டுவிடும் என்பதுதான் காரணம். எதிர்ப்பு வந்ததும் 2018 செப்ரெம்பரில் அந்த வழக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. மலிவாக விற்பதைவிட அழிப்பது மேல் என்று ஒரு நிறுவனம் கணக்குப் போடுகிறதென்றால், நாம் கொடுக்கும் விலையின் பெரும் பங்கு துணிக்கானது அல்ல என்று அதுவே சொல்லிவிட்டது.

இதை வைத்து எல்லாம் ஏமாற்று என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 1,500 ரூபாய்ச் சேட்டிலிருந்து 6,000 ரூபாய்ச் சேட்டுக்கு ஏறும்போது துணி, தையல், தெறி மூன்றும் கண்கூடாக நல்லதாகும். அங்கே காசு வேலை செய்கிறது. அதற்கு மேலே போகப் போக, கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் கிடைப்பது குறைந்துகொண்டே வரும். எந்த இடத்தில் அது நின்றுபோகிறது என்பதை அடுத்த இரண்டு படிகள் காட்டும்.

படி 3: லேபலைப் படியுங்கள், பெயரை அல்ல

கொலருக்குப் பின்னால் இருக்கும் பெரிய லேபலை விடுங்கள். இடுப்புப் பக்க மூட்டில் இருக்கும் சின்ன வெள்ளை லேபலைத் தேடுங்கள். துணி என்ன என்று அங்கேதான் எழுதியிருக்கும்.

யாழ்ப்பாணத்துக்கு முதல் விதி: பொலியெஸ்ரர் கூடிய சேட் வேண்டாம். பருத்தி தன் எடையில் 8 வீதம் அளவுக்குக் காற்றின் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பொலியெஸ்ரர் அரை வீதம்கூட இல்லை. வியர்வை உறிஞ்சப்படாமல் முதுகில் ஒட்டும், மணமும் அதில் தங்கிவிடும். பெரிய பெயர் கொண்ட சேட்டுகளிலும் பாதிக்கு மேல் செயற்கை இழை இருப்பதைக் கண்டிருக்கிறேன், ஆகவே பெயரைப் பார்த்து இந்தப் படியைத் தாண்ட வேண்டாம். பூப்போட்ட டிசைனர் சேட்டுகள் பல, மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் துணி. போட்டால் குளிர்ச்சி, விழுகிற அழகே தனி. ஆனால் விஸ்கோஸ் நனைந்தால் பலம் இழக்கும் துணி. கிணற்றடிக் கல்லில் அடித்துத் தோய்க்கிற வீட்டுக்கு அது ஆகாது.

எகிப்தியப் பருத்தி என்று எழுதியிருந்தால் உடனே கைகூப்ப வேண்டாம். உலகப் பருத்தியில் பத்தில் ஒன்பது பங்கு சாதாரண வகை. பீமா, எகிப்தின் உண்மையான கீசா போன்ற மிக நீள இழைப் பருத்தி மிகச் சிறு பங்குதான். அதன் இழை 35 மில்லிமீற்றர் அளவுக்கு நீண்டிருப்பதால் நூல் வழவழப்பாக வரும், பஞ்சு முடிச்சு குறைவாக எழும்பும். ஆனால் எகிப்து என்ற சொல் லேபலில் இருப்பதால் துணியில் எகிப்து இருக்கிறது என்று அர்த்தமில்லை. 2016 இல் அமெரிக்கப் பெருங்கடைத் தொடர் ஒன்று, எகிப்தியப் பருத்தி என்று தான் விற்ற படுக்கை விரிப்புகள் அப்படி இல்லையென்று கண்டு, செய்து கொடுத்த நிறுவனத்தோடு உறவையே முறித்துக்கொண்டது.

சில சேட்டுகளில் 80, 100, 140 என்று ஒரு எண் இருக்கும். அது நூல் எண். ஒரு இறாத்தல் பஞ்சில் 840 யார் நீளக் கழிகள் எத்தனை நூற்கலாம் என்பதுதான் கணக்கு. 100ஆம் எண் நூல் என்றால் ஒரு இறாத்தலில் 84,000 யார், கிட்டத்தட்ட 77 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தில் ஒரு நுனியைக் கட்டிவிட்டு ஏ9 வீதியால் போனால் கிளிநொச்சி தாண்டியும் நூல் மிஞ்சும். அவ்வளவு மெல்லிசு. எண் கூடக் கூட துணி மிருதுவாகும், விலையும் ஏறும், ஆனால் உழைப்பு கூடாது. 140க்கு மேற்பட்ட துணி பட்டுப் போல இருக்கும், கொலரை பிரஷ் போட்டுத் தேய்த்தால் சீக்கிரம் கிழியும். வாரம் ஒரு தடவை போட்டுத் தோய்க்கும் சேட்டுக்கு 80 அல்லது 100, இரண்டு இழை முறுக்கிய நூல் என்றால் தாராளம். இங்கேதான் அந்த எல்லை தொடங்குகிறது: இதற்கு மேல் கொடுப்பது சுகத்துக்கு, உழைப்புக்கு அல்ல.

மினுக்கத் தேவையில்லை என்று விற்கும் சேட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பருத்தி சுருங்காமல் இருக்க அதன் இழைகளை ஒரு பிசினால் பிணைத்துவிடுகிறார்கள். சுருக்கம் விழாது, சரி. ஆனால் இழையின் பலம் குறையும், துணி சற்று விறைப்பாகவும் இருக்கும். மின்சாரச் செலவையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்க விரும்புபவருக்கு அது நியாயமான பேரம்தான். எனக்குப் பிடிப்பதில்லை.

படி 4: உட்பக்கத்தை வெளியே திருப்புங்கள்

கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும். காசு உங்களுடையது.

முதலில் தையல். ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணுங்கள். கட்டைவிரலின் மேற்கணு ஏறக்குறைய ஒரு அங்குலம். மலிவுச் சேட்டில் பத்துக்குக் கிட்ட வரும். 14, 15 என்றால் நல்லது. 18க்கு மேலே போனால் அந்தத் தொழிற்சாலை நேரம் செலவழித்திருக்கிறது. நேரம்தான் உண்மையான செலவு. பெரிய பெயர் இருந்தும் 11 தையல் என்றால் மடித்து வைத்துவிடுங்கள்.

அடுத்து பக்க மூட்டு. கையிலிருந்து இடுப்பு வரை வரும் அந்த நீளத் தையல் சுருங்கி நெளிந்திருக்கிறதா, மட்டமாகக் கிடக்கிறதா? இரட்டை ஊசி மெசினில் ஒரே ஓட்டமாக ஓட்டினால் சில தோய்ப்புக்குப் பிறகு நெளிந்துவிடும். ஒற்றை ஊசியால் இரண்டு தடவை ஓட்டினால் மட்டமாக நிற்கும். துணியின் வெட்டு விளிம்பு எங்கேயும் வெளியே தெரியக்கூடாது, நூல் பிசிறக்கூடாது.

கோடு அல்லது கட்டம் போட்ட சேட் என்றால் ஒரு சோதனை போதும். முன்பக்கப் பொக்கெற்றின் கோடும் கீழே இருக்கும் துணியின் கோடும் ஒன்றாகப் போகிறதா, தெறி பூட்டியபின் இரண்டு பக்கமும் சேருகிறதா, தோளும் கையும் சந்திக்கும் இடத்தில் கோடு முறியாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். கோட்டைச் சேர்க்க வேண்டுமென்றால் துணி கொஞ்சம் வீணாகும். அதைச் செய்தவர் மற்ற இடங்களிலும் கஞ்சத்தனம் பண்ணியிருக்க மாட்டார்.

தெறி. சிப்பித் தெறியா பிளாஸ்ரிக்கா என்று அறிய கன்னத்தில் வையுங்கள். சிப்பி குளிரும், பிளாஸ்ரிக் குளிராது. பின்பக்கம் பார்த்தால் சிப்பியில் ஒன்றுக்கு ஒன்று நிறம் மாறும். அழகுக்குச் சிப்பி, பாரமான அயன் பெட்டிக்குத் தடித்த பிளாஸ்ரிக். இதில் ஒன்று உயர்வு மற்றது தாழ்வு என்று நான் சொல்ல மாட்டேன். எப்படித் தைத்திருக்கிறது என்பதுதான் முக்கியம். உள்ளே தொங்கும் நூல் நுனியை மெல்ல இழுத்தால் சில சேட்டுகளில் முழுத் தெறியும் கழன்று கையில் வரும். சங்கிலித் தையல் அது. பல டிசைனர் சேட்டுகளிலும் அதுதான். வாங்கினால் வீட்டுக்கு வந்தவுடன் ஊசி நூல் எடுத்து ஒவ்வொரு தெறியின் பின்னாலும் இரண்டு முடிச்சுப் போட்டுவிடுங்கள்.

கடைசியாகக் கொலர். என் கதை ஒன்று இதற்கு உண்டு. வெளிநாட்டிலிருந்து மச்சான் கொண்டுவந்து தந்த, பெயர் சொன்னால் எல்லோருக்கும் தெரிகிற ஒரு வெள்ளைச் சேட். நாலாவது தோய்ப்பில் கொலரில் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. கொலருக்கு உள்ளே வைக்கும் கன்வஸ் இரண்டு வகை. ஒன்று வெப்பத்தால் பசை உருக்கி ஒட்டுவது, மற்றது ஒட்டாமல் தைத்து மட்டும் விடுவது. இன்றைய சேட்டுகளில் பெரும்பாலானவை, விலை கூடியவை உட்பட, பசை ஒட்டியவைதான். நல்ல பசை பல வருடம் நிற்கும், கெட்ட பசை என் சேட்டைப் போல விட்டுப்போகும். அதற்கு மருந்து கிடையாது. கடையில் கொலரின் மேல் துணியையும் கீழ்த் துணியையும் இரண்டு விரலால் பிடித்து மெல்லப் பிரித்துப் பாருங்கள். உள்ளே மூன்றாவது படலம் தனியாக வழுக்கினால் அது தைத்த கன்வஸ். வழுக்காவிட்டால் பசை, அப்படியென்றால் கொலரை வளைத்து, மடிப்பில் சின்னச் சுருக்கம்கூட விழாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: தோள்தான் எல்லாம்

துணி என்ன, தையல் என்ன, தோள் பொருந்தாத சேட் கொடியில் காயும் சேட்தான். தோள் மூட்டு உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். மேல் தெறி பூட்டிய பின் கழுத்துக்கும் கொலருக்கும் நடுவில் இரண்டு விரல் போக வேண்டும். கை மணிக்கட்டு எலும்பைத் தொட வேண்டும். இடுப்பு பெரிதாக இருந்தால் தையல்காரர் பிடித்துத் தருவார். தோளைத் திருத்துவது புதுச் சேட் தைக்கிற வேலை.

வெளிநாட்டுப் பெயர்கள் பெரும்பாலும் அந்த ஊர் உடம்புக்கு வெட்டியவை. நம்மவர் பலருக்குக் கழுத்து பொருந்தினால் கை நீளும், வயிறு பொருந்தினால் தோள் விழும். லேபலில் 39 என்றால் சென்ரிமீற்றர், அங்குலத்தில் பதினைந்தரை. சொந்தக்காரர் அளவு கேட்டால் மீடியம், லார்ஜ் என்று சொல்லாமல் இந்தக் கழுத்து எண்ணையும் கை நீளத்தையும் எழுதி அனுப்புங்கள்.

படி 6: பெயர் உண்மையா என்று பாருங்கள்

முதலை, குதிரை, எழுத்துக்கோர்வை எல்லாம் நம் ஊர்ப் புடவைக் கடைகளில் இரண்டாயிரம் ரூபாய்க்கும் தொங்கும். அது உண்மையா என்று கேட்பதே வீண். துணி நன்றாக இருந்தால் துணியின் விலைக்கு வாங்குங்கள், சின்னத்துக்கென்று ஒரு ரூபாயும் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

ஏற்றுமதி மிச்சம் என்று சொல்லி விற்பவை வேறு வகை. கட்டுநாயக்காவில் 1978 இல் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய காலம் முதல் இலங்கை உலகப் பெயர்களுக்கு உடுப்புத் தைத்துக் கொடுக்கிறது. இன்று கிளிநொச்சியிலும் அப்படியான தொழிற்சாலைகள் இருக்கின்றன. லண்டன் மாமா ஒருவர், “தம்பி, இது சும்மா சேட் இல்லை, பேர் போன சேட்” என்று நீட்டினார். வாங்கிப் பக்க லேபலைத் திருப்பினேன். “மாமா, இதைப் பாருங்கோ.” இலங்கையில் தயாரிக்கப்பட்டது. அவர் சிரித்துவிட்டார், பிறகு விலையை நினைத்து சிரிப்பை நிறுத்திவிட்டார். ஏற்றுமதி மிச்சத்தில் லேபலை வெட்டியிருப்பார்கள், அது பிழை இல்லை. இரண்டு கைகளும் ஒரே நிறச் சாயலா, தையல் எங்கேயாவது விட்டுப்போயிருக்கிறதா, தெறி ஓட்டை எல்லாம் வெட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். தேறினால் இதைவிட நல்ல பேரம் கிடையாது.

படி 7: ஒரு தடவை போட எவ்வளவு?

பேச்சுக்கு ஒரு கணக்கு. 500 பவுண் டிசைனர் சேட். பவுண் 400 ரூபாய் என்று வைத்தால் இரண்டு இலட்சம். பயத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் போடுவீர்கள். நாலு வருடத்தில் 104 தடவை. ஒரு தடவைக்கு 1,923 ரூபாய். துணியும் தையலும் சேர்த்து 6,000 ரூபாய்க்குத் தைத்த சேட் வாரம் ஒரு தடவை, இரண்டு வருடத்தில் அதே 104 தடவை. ஒரு தடவைக்கு 58 ரூபாய். இரண்டும் முதலில் கொலர் மடிப்பில்தான் தேயும். 33 மடங்கு நன்றாக உங்களுக்குத் தோன்றுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தோன்றும் என்றால் வாங்குங்கள், அதில் வெட்கம் இல்லை. வேறு யாரும் செய்யாத அச்சு, வேறு எங்கும் கிடைக்காத வெட்டு, நீண்டநாள் ஆசை, எல்லாம் காரணங்கள்தான். உழைக்கும் என்பதை மட்டும் காரணமாகச் சொல்லாதீர்கள்.

படி 8: சேட் கேட்காதீர்கள், துணி கேளுங்கள்

எனக்கு இந்த விஷயத்தில் சொல்ல இருப்பது உண்மையில் இது ஒன்றுதான்.

உலகின் நல்ல சேட் துணி நெய்பவர்கள் சிலரே. இங்கிலாந்தின் லங்காசயரில் 1796 இல் தொடங்கிய தோமஸ் மேசன் இன்று இத்தாலியின் அல்பினி குழுமத்தின் கையில் இருக்கிறது. அல்பினி, பெர்காமோவுக்குப் பக்கத்தில் 1876 முதல் நெய்கிறது. சுவிற்சர்லாந்தில் அலுமோ. விலை கூடிய சேட் பலவற்றின் துணி இப்படியானவர்களிடமிருந்துதான் போகிறது. அதே தரத் துணியை மீற்றர் கணக்கில் வாங்கலாம். லண்டனில் சோகோவின் பேர்விக் வீதியில் துணிக்கடைகள் இருக்கின்றன. ரொரன்ரோவில் குயின் வீதி மேற்கு. பாரிஸில் லா சப்பலில் இருக்கும் சொந்தக்காரருக்கு இன்னும் சுகம்: 2ஆம் இலக்க மெத்ரோவில் இரண்டாவது நிறுத்தம் அன்வேர், இறங்கி நடந்தால் மார்ஷே சன் பியேர் துணிச் சந்தை.

ஆகவே அடுத்த முறை என்ன கொண்டுவர என்று கேட்டால், 58 அங்குல அகலத் துணி என்றால் இரண்டு மீற்றர் என்று சொல்லுங்கள். மெல்லிய பொப்ளின் இரண்டு மீற்றர் அரைக் கிலோவும் வராது, அளவு பிழைக்கும் என்ற பயமும் இல்லை. 36 அங்குல அகலம் என்றால் முழுக்கைக்கு இரண்டரை மீற்றர் வேண்டும்.

பிறகு தையல்காரர். நன்றாகப் பொருந்தும் பழைய சேட் ஒன்றை அளவுச் சேட்டாகக் கொண்டுபோங்கள். அதற்கு முதல் துணியை ஒரு இரவு நனைத்து நிழலில் காயவைத்து விடுங்கள். சுருங்க வேண்டியது தைக்க முன்னமே சுருங்கட்டும். தையல்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். மெசினின் தையல் நீளத்தை இரண்டரை மில்லிமீற்றரிலிருந்து ஒன்றரைக்குக் குறைக்கச் சொல்லுங்கள், அங்குலத்துக்கு 10 தையல் 17 ஆகும். கொலருக்கு நல்ல கன்வஸ் நீங்களே வாங்கிக் கொடுங்கள், அதையும் நனைத்துக் காயவைத்தே கொடுங்கள். பக்க மூட்டை விளிம்பு மடித்துத் தைக்கச் சொல்லுங்கள், ஓவர்லொக் மட்டும் போட்டு முடிக்க விடாதீர்கள். இதெல்லாம் கூடுதல் வேலை, கூடுதல் கூலியைக் கேட்காமலே கொடுங்கள். திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் முதல் வாரம் போய் நின்று இதையெல்லாம் சொன்னால் அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வழமைபோலத்தான் தைப்பார். அது அவர் பிழை அல்ல.

படி 9: கிணற்றுத் தண்ணீரிடமிருந்து காப்பாற்றுங்கள்

குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. நம் கிணற்றுத் தண்ணீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டு வருவது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைதான் சேட்டிலும் படிகிறது. கட்டிச் சவர்க்காரம் போட்டால் அது கல்சியத்தோடு சேர்ந்து ஒட்டும் அழுக்காகி இழைக்குள் தங்கிவிடும். வெள்ளைச் சேட் சாம்பல் பூத்து, கொலர் அட்டை மாதிரி விறைப்பது இதனால்தான். இரண்டு இலட்சச் சேட்டுக்கும் இதே கதிதான்.

ஆகவே நல்ல சேட்டுக்குக் கட்டிச் சவர்க்காரம் வேண்டாம், சவர்க்காரத் தூள் போடுங்கள். வன்தண்ணீரைச் சமாளிக்கும் சேர்க்கை அதில் இருக்கும். கடைசி அலம்பலில் ஒரு வாளிக்கு அரைக் கப் வினாகிரி விட்டால் படிந்த கல்சியம் கழன்று துணி மிருதுவாகும். ஆனால் இரண்டு எச்சரிக்கை. பிளீச்சோடு வினாகிரி சேர்க்கவே கூடாது, நச்சுவாயு வரும். அடுத்தது, சிப்பித் தெறியும் நம் நிலத்தைப் போலச் சுண்ணாம்புதான். வினாகிரி அதன் பளபளப்பையும் தின்றுவிடும். சிப்பித் தெறி வைத்த சேட்டை மாரியில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரில் அலம்புங்கள். மழைத் தண்ணீருக்கு நிகரான வினாகிரி கிடையாது.

கக்கத்தில் மஞ்சள் பிடிப்பது பெரும்பாலும் வியர்வையும், வியர்வையை நிறுத்தும் பூச்சில் உள்ள அலுமினியமும் சேர்ந்து செய்யும் வேலை. குளோரின் பிளீச் போட்டால் இன்னும் மஞ்சளாகும். போட்டு கழற்றிய அன்றே ஊறவைப்பதுதான் வழி. உட்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காயப் போடுங்கள். மாரியில் ஈரம் முழுவதும் போகாமல் அலுமாரிக்குள் வைத்தால் பூஞ்சணம் பிடித்துக் கரும்புள்ளி விழும், அது எதற்கும் போகாது.

கொலர் மடிப்பு தேய்ந்து வெள்ளை நூல் தெரிய ஆரம்பித்தால் சேட்டை எறிய வேண்டாம். பழைய தையல்காரர்களிடம் கொலரைப் பிரித்து மறுபக்கம் திருப்பித் தைக்கக் கேளுங்கள். தேய்ந்த பக்கம் கீழே போய் மறைந்துவிடும், இன்னும் ஒரு வருடம் போடலாம். பசை ஒட்டிய கொலரில் இதைச் செய்ய எல்லோரும் சம்மதிக்க மாட்டார்கள், ஆகவே கொடுக்கும் முன் கூலியையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.